முதல் ரோலில் ஒன்றுமே விழவில்லை

கிரைண்டருக்கு பெல்ட் தேடித்தான் மதுரை திலகர் திடல் ஞாயிற்றுச் சந்தைக்குப் போனேன். பெல்ட் கிடைக்கவில்லை. துருப்பிடித்த ஸ்பேனர்கள், மூடியில்லாத குக்கர், எந்த டிவிக்கு என்றே தெரியாத ரிமோட்டுகள், இவற்றுக்கு நடுவே ஒரு தார்ப்பாயில் தோல் உறையோடு பென்டாக்ஸ் கே1000 பிலிம் கேமரா ஒன்று கிடந்தது. எடுத்துப் பார்த்தால் கை கனத்தது. லிவரை இழுத்துப் பொத்தானை அமுக்கினேன். ‘கிளாக்’ என்று கேட்டது.

“ஓடுமாண்ணே?”

“அதான் சத்தம் கேக்குதுல்ல தம்பி. பிலிமப் போட்டா தன்னால ஓடப்போகுது.”

4,500 ரூபாய் சொன்னார், 3,200க்கு முடிந்தது. சத்தம் கேட்டால் ஓடும் என்ற அவருடைய கணக்கை நானும் அப்படியே நம்பினேன். அதற்கு நான் கொடுத்தது ஒரு ரோல் பிலிம், கழுவுகூலி, கூரியர் செலவு, அக்கா மகளின் பிறந்தநாள்.

கேமராவைப் பற்றிக் கொஞ்சம். கே1000 வந்தது 1976ல், 1997 வரை பெரிய மாற்றமே இல்லாமல் தயாரித்துக்கொண்டே இருந்தார்கள். நெற்றியில் பென்டாக்ஸ் என்ற பெயருக்கு மேலே ‘அசாகி’ என்று பொறித்திருந்தால் அது பழைய உருப்படி, என்னுடையதில் அது இருக்கிறது. உறையின் உள்பையில் சிங்கப்பூர் கடை ரசீது ஒன்று மடித்துக் கிடந்தது, தேதிகூடத் தெரியாத அளவுக்கு மங்கிப்போய். யாரோ ஊருக்கு வரும்போது ஆசையாக வாங்கி வந்திருக்க வேண்டும். ஆட்டோ போக்கஸ் கிடையாது, ஆட்டோ எதுவுமே கிடையாது. ஷட்டர் வேகத்தை (பிலிமில் எவ்வளவு நேரம் வெளிச்சம் விழலாம் என்பது) நாம் வைக்க வேண்டும், அப்பர்ச்சரை (லென்ஸில் வெளிச்சம் புகும் துளை) நாம் வைக்க வேண்டும், போக்கஸையும் நாமேதான் திருக வேண்டும். பேட்டரி இருப்பது வெளிச்சம் அளக்கும் மீட்டருக்கு மட்டும்தான், அது செத்துப்போனாலும் ஷட்டர் பாட்டுக்கு வேலை செய்யும்.

வீட்டுக்கு வந்ததும் அந்த மீட்டரில்தான் கை வைத்தேன். அடியில் பேட்டரி மூடியில் ஒரு பள்ளக்கோடு இருக்கிறது, ஒரு ரூபாய்க் காசை வைத்துத் திருகினால் கழன்றுவிடும். உள்ளே பழைய பேட்டரி கசிந்து பச்சைப் பச்சையாகப் பூத்திருந்தது. காது குடையும் பஞ்சில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு, அப்புறம் சர்ஜிக்கல் ஸ்பிரிட், அப்புறம் பென்சில் ரப்பரால் தேய்ப்பு என்று அரை மணி நேரம் மெனக்கெட்டதும் உள்ளே தகடு தெரிந்தது. புது எல்ஆர்44 போட்டேன் (பொம்மைக்குப் போடுவோமே, அதே பொத்தான் பேட்டரிதான்). கண் வைத்துப் பார்க்கும் வியூபைண்டரின் வலது ஓரத்தில் படுத்திருந்த முள் மெல்ல எழுந்து நின்றது. ஏதோ ஆஸ்பத்திரியில் கண் விழித்த மாதிரி எனக்கு ஒரே சந்தோஷம். இந்த மீட்டருக்கு ஆஃப் சுவிட்ச் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். லென்ஸ் மூடியைப் போட்டு இருட்டாக்குவதுதான் ஆஃப். மூடாமல் மேசையில் விட்டால் பேட்டரி சீக்கிரம் காலி.

லென்ஸ் 50 எம்எம், எஃப்/2 (எஃப் எண் என்பது அப்பர்ச்சரின் அளவு, எண் பெரிதானால் துளை சிறிது). அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரி பூஞ்சை கொஞ்சம் தெரிந்தது, நடுவில் இல்லை, பிழைத்தது. கழற்றித் துடைக்கும் அளவுக்கு எனக்குத் தைரியம் வரவில்லை, அதனால் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்ட எவர்சில்வர் டப்பாவில் கேமராவைக் குடிவைத்தேன். பின்கதவைத் திறந்தபோது ஓரத்தில் தார் மாதிரி ஏதோ கறுப்பாக விரலில் ஒட்டியது. வேட்டியில் துடைத்துவிட்டு மறந்துவிட்டேன். வேட்டியில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது.

முதல் ரோல் கோடக் கோல்டு 200, 36 படம். இடது பக்கக் குமிழை மேலே இழுத்தால் பின்கதவு திறக்கும், இடது குழியில் பிலிம் டப்பா, குமிழைத் திரும்ப அமுக்கினால் டப்பா நிற்கும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிலிம் நாக்கை வலது பக்க உருளையின் பிளவில் செருக வேண்டும். செருகினேன். செருகியதாக நினைத்தேன். கதவை மூடி, லிவரை இழுத்து, எண் 1 வந்ததும் அக்கா மகள் பிறந்தநாளுக்குக் கிளம்பிவிட்டேன். கேக் வெட்டியது, மாமா மடியில் உட்கார்ந்தது, பக்கத்து வீட்டுப் பாட்டி திருநீறு வைத்தது எல்லாம் எடுத்தாயிற்று. 36 தாண்டியும் லிவர் சுகமாக இழுபட்டுக்கொண்டே இருந்தது. நமக்கு நாலு படம் கூடுதலாக வந்துவிட்டதென்று நினைத்தேனே ஒழிய, உள்ளே பிலிம் ஓடியிருந்தால் ஒரு கட்டத்தில் லிவர் இறுகி நின்றிருக்க வேண்டும் என்பது மண்டையில் உறைக்கவே இல்லை.

இங்கே நான் விசாரித்த இரண்டு ஸ்டுடியோவிலும் கலர் பிலிம் கழுவுவதை நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டது என்றார்கள். சென்னைக்கு கூரியர் போட்டேன். ஒன்பது நாள் கழித்து வந்த உறையைப் பிரித்தால் தலையிலிருந்து கால்வரை ஒரே நிறத்தில் ஆரஞ்சு நாடா. கழுவினவர்கள் கெடுத்துவிட்டார்கள் என்று முதலில் அவர்கள் மேல்தான் கோபம் வந்தது. போன் போட்டுச் சண்டை பிடிக்காமல் இருந்ததற்கு ஒரே காரணம், அதற்கு முன்னால் சிம்மக்கல் பக்கம் ஒரு பெரியவரிடம் காட்டலாம் என்று போனது. ஒரு காலத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தவர், கல்யாணம் காதுகுத்து என்று எடுத்துத் தள்ளியவர், இப்போது வீட்டோடு இருக்கிறார். நெகட்டிவை ஜன்னல் பக்கம் பிடித்து இரண்டு வினாடிதான் பார்த்திருப்பார்.

“ஓரத்துல நம்பர் விழுந்துருக்கு பாருங்க தம்பி. எழுத்தும் இருக்கு. அப்பக் கழுவுனவன் மேல தப்பே இல்ல. கழுவுறதுல கோளாறுன்னா இந்த எழுத்தும் சேந்துல்ல போயிருக்கும்? ஒங்க பிலிமு டப்பாவ விட்டு வெளிய வரவே இல்ல.”

“ஐயா, சத்தமெல்லாம் கேட்டுச்சே. நம்பரும் ஓடுச்சு.”

“பிலிம் இல்லாட்டியும் கேக்கும். நம்பரும் ஓடும். அதுக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரியுமா என்ன?”

மேசை இழுப்பறையிலிருந்து பழகுவதற்கென்றே வைத்திருந்த ஒரு காலாவதி ரோலை எடுத்தார். நாக்கைப் பிளவுக்குள் நான் நுழைத்தது ஒரு நகக்கண் அளவுதான், லிவரை இழுத்ததும் அது நழுவி வெளியே வந்துவிட்டது, கதவைத் திறந்து வைத்துச் செய்ததால் இந்த முறை கண்ணாலேயே பார்த்தேன். அவர் காட்டிய முறை இது. நாக்கை நன்றாக உள்ளே விட்டு, கதவு திறந்திருக்கும்போதே ஒரு முறை லிவரை இழுத்து, பிலிம் உருளையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டதா, மேலும் கீழும் உள்ள ஓட்டைகள் இரண்டு பக்கப் பல்லிலும் உட்கார்ந்ததா என்று பார்க்க வேண்டும். அதன்பிறகுதான் கதவு. மூடியதும் இடது குமிழில் மடங்கியிருக்கும் சின்னக் கைப்பிடியை நிமிர்த்தி, அம்புக்குறி காட்டும் பக்கம் லேசாகத் திருக வேண்டும், டப்பாவுக்குள் தொளதொளவென்று இருக்கும் பிலிம் இறுகி விரலுக்கு ஒரு தடை தெரியும், அங்கே நிறுத்திவிட வேண்டும். இனி லிவரை இழுக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தக் குமிழ் அம்புக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றும்.

“அது சுத்துச்சுன்னா பிலிமு ஓடுது. சுத்தலைன்னா ஓடல. கேமராவுல மத்தது பூராம் பொய் சொல்லும் தம்பி, இது சொல்லாது.”

கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரத்தில்கூட அவர் கண் ஒரு தடவை இடது குமிழுக்குப் போய்த்தான் திரும்புமாம். அன்றைக்குச் சாயந்திரம் அந்தச் செத்த ரோலை வைத்துக்கொண்டு இருபது தடவையாவது ஏற்றி இறக்கினேன். கடைசி நாலைந்து தடவை கண்ணை மூடிக்கொண்டு. பழகுபவர்களுக்குச் சொல்கிறேன், ஒரு வீணாய்ப்போன ரோலை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள், இதைவிட மலிவான வாத்தியார் கிடையாது.

இரண்டாவது ரோல் ஓடியது. குமிழ் சுற்றுவதைப் பார்த்துப் பார்த்தே எடுத்தேன். மீனாட்சி கோயிலுக்குள் கேமரா கொண்டுபோக முடியாதென்பதால் சித்திரை வீதிகளில் வெளியிலிருந்து கோபுரம், வடம்போக்கித் தெருப்பக்கம் பூக்கட்டுபவர்கள், வண்டியூர் தெப்பக்குளத்துப் படிக்கட்டு என்று சுற்றினேன். 36 முடிந்ததும் லிவர் இறுகியது. இந்த இடத்தில் முரட்டுத்தனமாக இழுத்தால் ஓட்டை கிழியும். அடியில் உள்ள சின்னப் பொத்தானை அமுக்கிவிட்டு, இடது கைப்பிடியை அம்புக்குறிப் பக்கம் சுற்றினால் பிலிம் டப்பாவுக்குள் திரும்பும், கடைசியில் பிலிம் விடுபட்டதும் கை சட்டென்று லேசாகிவிடும், அதுவரைக்கும் கதவைத் திறக்கவே கூடாது. படம் விழுந்திருந்தது. விழுந்த படத்தில் பாதிக்கு மேல் ஓரத்தில் நெருப்புப் பற்றிய மாதிரி ஆரஞ்சுச் சிவப்பில் கீற்று. இன்னொரு பிரச்சினை, நல்ல வெயிலில் எடுத்த ஐந்தாறு படங்களில் ஒரு ஓரம் மட்டும் இருட்டாகத் திரைபோட்டிருந்தது.

கீற்றுக்குக் காரணம் அந்த வேட்டிக் கறைதான். பின்கதவு உட்காரும் பள்ளங்களில் வெளிச்சம் புகாமல் இருக்க ஸ்பாஞ்சுப் பட்டை ஒட்டியிருப்பார்கள், முப்பது நாற்பது வருடத்தில் அது உருகித் தாராகிவிடும். கதவு வழியாக வரும் வெளிச்சம் கலர் பிலிமின் முதுகுப்பக்கம் விழுவதால், அடித்தளத்தைத் தாண்டிச் சிவப்பை உணரும் படலத்தை முதலில் தொடுகிறது, அதனால்தான் கீற்று சிவப்பாக வருகிறது. பார்த்தவுடனே கதவுக் கசிவு என்று சொல்லிவிடலாம்.

சுரண்டுவது சள்ளைபிடித்த வேலை. பல்குத்தும் குச்சியின் முனையைத் தட்டையாக வெட்டி, ஸ்பிரிட்டில் தோய்த்து, பள்ளத்தில் ஒரு விரற்கடை விரற்கடையாக நகர்த்த வேண்டும். கேமராவைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு சுரண்டினால் தூள் கீழே விழும், நிமிர்த்தி வைத்துச் செய்தால் நேராக ஷட்டர் திரையில் போய் உட்காரும். கறுப்புத் துணித்திரை அது, விரல் பட்டாலே கெட்டுவிடும், அதனால் ஒரு காகிதத் துண்டை அளவாக வெட்டி அதன் மேல் போர்த்தி வைத்தேன். பள்ளங்களுக்கு ஸ்பாஞ்சுக்குப் பதிலாகக் கறுப்பு உல்லன் நூல், கீல் பக்கத்துக்கு விளக்குத்தூண் பக்கம் துணிக்கடையில் கெஞ்சி வாங்கிய கறுப்பு வெல்வெட் துண்டு. முதலில் இரட்டைப் பக்க டேப்பில்தான் ஒட்டினேன், நம்மூர்ச் சித்திரை வெயிலுக்கு ஒரே வாரத்தில் வெல்வெட் கழன்று தொங்கியது. அப்புறம் பஞ்சர் கடையிலிருந்து சொல்யூஷன் கொஞ்சம் வாங்கிவந்து, குண்டூசி முனையால் தொட்டுத் தொட்டு வைத்து, வாசம் போகிறவரை ஒரு ராத்திரி முழுக்கக் கதவைத் திறந்தே வைத்தேன். இன்றுவரை நிற்கிறது. லென்ஸுக்குப் பின்னால் உள்ள கண்ணாடி, பொத்தானை அமுக்கும்போது மேலே போய் மோதும் இடத்திலும் ஒரு ஸ்பாஞ்சு உண்டு, அதை மறக்க வேண்டாம். அது உருகினால் கண்ணாடி ஒட்டிக்கொள்ளும்.

இருட்டு ஓரத்துக்கு மறுபடி பெரியவர் வீடுதான். மெதுவான வேகங்களை நான் வீட்டிலேயே சோதித்திருந்தேன், பின்கதவைத் திறந்து வைத்து, ஜன்னல் வெளிச்சத்தைப் பார்க்க விட்டு, போனில் வினாடிக்கு 240 பிரேம் ஸ்லோமோஷன் எடுத்தால் 1/30 வினாடிக்குச் சுமார் எட்டு பிரேமும் 1/60க்கு நாலும் வெளிச்சம் தெரிய வேண்டும், தெரிந்தது. 1/1000ஐ போனால் பிடிக்க முடியாது. அவர் பரண்மேலிருந்த பழைய டப்பா டிவியை இறக்கச் சொன்னார். தூக்கி இறக்கியதில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, அது தனிக்கதை. கேபிள் இல்லாமல் வெறும் இரைச்சல் ஓடும் திரைக்கு முன்னால், லென்ஸைக் கழற்றிய கேமராவைப் பின்பக்கம் வழியாகப் பார்க்கும்படி பிடித்து, அறையை இருட்டாக்கி அமுக்கச் சொன்னார். டப்பா டிவியில் படம் மேலிருந்து கீழே வரி வரியாக எழுதப்படுகிறது, ஷட்டர் திரையோ பக்கவாட்டில் ஓடுகிறது, இரண்டும் சேர்ந்து கண்ணுக்கு ஒரு சாய்ந்த வெளிச்சப் பட்டையாகத் தெரியும். 1/250ல் பட்டை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே அகலம். 1/500லும் சரி. 1/1000ல் மட்டும் போகப்போகக் குறுகி, கடைசியில் எலிவால் மாதிரி மறைந்தே போனது.

“முதல் திரை தளந்துருச்சு, ரெண்டாவது அதப் போயிப் புடிச்சுருது” என்றார். முதல் திரை ஓடித் திறக்கும், இரண்டாவது பின்னாலேயே ஓடி மூடும். கேமரா ஓடவிடாமல் கிடந்தால் வரும் வியாதியாம். பிரித்து இழுவிசையைக் கூட்டலாம், ஆனால் அவருக்கே இப்போது கை நடுங்குகிறது, எனக்கு நடுங்காமலே ஆகாது. ஆயிரத்தைத் தொடாமலே காலத்தை ஓட்டு என்று முடித்துவிட்டோம். 200 பிலிமுக்கு நம்மூர் உச்சி வெயிலில் எஃப்/16, 1/250 போதும் என்பதால் பெரிய இழப்பும் இல்லை. பேச்சுவாக்கில் அந்தக் காலத்து ஊட்டி பிலிமைப் பற்றிச் சொன்னார், இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ கறுப்பு வெள்ளை. பாஸ்போர்ட் படமெல்லாம் அதில்தான் எடுத்தாராம். 1960ல் தொடங்கிய அந்த அரசு நிறுவனமும் இப்போது இல்லை.

மூன்றாவது ரோலில்தான் உண்மையில் படம் எடுக்கப் பழகினேன். மீட்டர் முள்ளை நடுவில் நிறுத்தினால் சரியாக வரும் என்று நினைத்திருந்தேன். திருமலை நாயக்கர் மகாலின் வெள்ளைத் தூண்களை முள் சொன்னபடி எடுத்தேன், சுண்ணாம்பெல்லாம் அழுக்குச் சாம்பலாக வந்தது. கீழக்குயில்குடி போகும் வழியில் எருமைகளை முள் சொன்னபடி எடுத்தேன், ஒவ்வொன்றும் பவுடர் போட்ட யானை. மீட்டருக்கு வெள்ளை, கறுப்பு என்றெல்லாம் தெரியாது, எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பல் என்றே எண்ணிக் கணக்குப் போடும். வெள்ளைக்கு ஒரு ஸ்டாப் (வெளிச்சம் இரண்டு மடங்காகும் அளவு) கூடத் திறக்க வேண்டும், எருமைக்கு ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும். இதைப் படித்துத் தெரிந்துகொண்டபோது மண்டையில் ஏறவில்லை, சாம்பல் தூணைக் கையில் வைத்துப் பார்த்தபோது ஏறியது.

சமணர் மலை செட்டிப்புடவில் இன்னொரு பாடம். குகை முகப்பில் பாறையைக் குடைந்து செதுக்கிய பெரிய தீர்த்தங்கரர், பீடத்தில் வட்டெழுத்துக் கல்வெட்டு, ஊர்க்காரர்களுக்கு அவர் செட்டியார். பாறை நிழலில் இருக்கிறது, வெளியில் வானம் வெள்ளையாகக் கொதிக்கிறது. நின்ற இடத்திலிருந்து பார்த்தால் முள் வானத்தைப் பார்த்து மிரண்டு 1/250, எஃப்/11 என்றது. அப்படி ஒன்று எடுத்தேன். பிறகு வானம் வியூபைண்டருக்குள் வராத அளவுக்குப் பாறையை நெருங்கி, வெறும் பாறையை மட்டும் காட்டி முள்ளை நடுவில் நிறுத்தினேன், 1/60, எஃப்/5.6 வந்தது. வேகத்தையும் அப்பர்ச்சரையும் மாற்றாமல் பழைய இடத்துக்கே பின்வாங்கி, முள் அலறுவதைக் கண்டுகொள்ளாமல் அமுக்கினேன். முதல் படத்தில் செட்டியார் வெறும் கரிநிழல். இரண்டாவதில் உதட்டோரச் சிரிப்புவரை தெரிகிறது, வானம்தான் வெளுத்துவிட்டது, போகட்டும்.

போக்கஸுக்கு நடுவில் மணல் தூவினாற்போல ஒரு வட்டம் இருக்கிறது, சரியில்லாதபோது பொரிபொரியாக மின்னும், சரியானதும் அடங்கும். கண்ணாடி போட்ட எனக்கு அது அடங்கியதா இல்லையா என்பதே சந்தேகம், கண்ணாடியைக் கழற்றி நெற்றியில் ஏற்றிக்கொண்டு, மறுபடி இறக்கி, அதற்குள் ஆள் நகர்ந்துவிடுகிறார். வெயிலில் எஃப்/11 வைத்துக்கொண்டு, லென்ஸ் மேல் உள்ள தூரக்கோடுகளைப் பார்த்து மூன்று மீட்டருக்குப் போக்கஸை நிறுத்திவிட்டால் இந்தக் கூத்து தேவையில்லை, இரண்டு மீட்டரிலிருந்து ஐந்து மீட்டர்வரை எல்லாம் தெளிவாகவே விழுகிறது.

ரோல்கள் பிரிட்ஜில், இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில். ஆயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் விற்கும் சாமானை மாவோடு வைக்கிறானே என்று அம்மா தினமும் கேட்கிறார், மாவுக்காகத்தான் கவலைப்படுகிறார் என்று நினைக்கிறேன். எடுத்த உடனே டப்பாவைத் திறந்தால் வேர்த்துக்கொள்ளும், ஒரு மணி நேரம் வெளியில் கிடந்தபிறகுதான் ஏற்றுகிறேன்.

இப்போது உள்ளே இருப்பது நாலாவது ரோல், எண் 22ல் நிற்கிறது. போன ஞாயிறு அக்கா வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். பிறந்தநாள் படம் எங்கே என்று மருமகள் இன்னும் விடுவதாக இல்லை. கேக் இல்லாவிட்டாலும் அதே கவுனைப் போட்டுக்கொண்டு அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். லிவரை இழுத்தேன்.

“மாமா, என்னைப் பாக்காம எதைப் பாக்குறீங்க?”

“இந்தா, ஒரு நிமிஷம்” என்றேன். குமிழ் சுற்றியது.